பிரஸ் இயந்திரத்தில் விரல் இழந்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை: நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது

இரண்டாம் ஷிப்ட் – 2024 ஏப்ரல் 13

அனைவருக்கும் வணக்கம். ஓசூர்ப் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகளாகப் பிரஸ் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கம்பெனி ரோலில் 140 பேர் இருக்கிறார்கள்.

மார்ச் மாதம் என் ஷிப்டில் 63 டன் பவர் பிரஸ்ஸில் நின்ற ஒடிசா இளைஞர் ஒருவர் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்தார். அவருக்கு வயது 23. இரு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அந்த இயந்திரத்தின் ராம் (மேலிருந்து தகட்டை அடிக்கும் பாகம்) கீழே இறங்க வேண்டும். அவரோ வலப்பக்கப் பட்டனில் ஒரு மரச் சீவலைச் செருகிவிட்டு, இடது கையால் மட்டும் இயக்கிக்கொண்டு, வலது கையால் தகடு வைத்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கும்போதே, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தார் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறார்கள். உள்விசாரணையில் நிர்வாகத் தரப்பின் முதல் சாட்சி நான். வேலைநீக்கம் செய்வதுதான் நோக்கம் என்பதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

என் மனத்தை அரிப்பவை மூன்று. அவர் பேக்கிங் பிரிவில் இருந்தவர். பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் வராத நாளில் நான்தான் அவரை அங்கே நிறுத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை, ஆகவே பத்து நிமிடம் கையால் சைகை காட்டியதுதான் அவர் பெற்ற பயிற்சி, அதன் பிறகு ஆறு வாரங்கள் அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்து, அந்த மரச் சீவல் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. ஷிப்டுக்கு 2,800 பீஸ் என்ற இலக்கை இரு கைகளாலும் அழுத்தி எட்ட முடியாது என்பதால் மூன்று பிரஸ்களிலும் அப்படித்தான் ஓட்டினார்கள், நான் பார்த்தும் பேசாமல் கடந்து போனேன். கடைசியாக, சென்ற வாரம் பணியாளர் பிரிவிலிருந்து பயிற்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்து, பிப்ரவரி மாதத் தேதியிட்ட ஒரு வரியில் பயிற்சியாளர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். அந்த வரியில் அவருடைய இடது பெருவிரல் ரேகை ஏற்கெனவே இருந்தது.

நான் இன்னும் கையெழுத்திடவில்லை. பாதுகாப்பு, பயிற்சி, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறதா, சேர்த்துப் பார்க்கிறதா? விதியை மீறியது உண்மை என்னும்போது அவரைத் தண்டிப்பது தவறா? என் நிலை என்ன? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பணியாளர் அலுவலர் – 2024 ஏப்ரல் 13

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கையெழுத்திடாதீர்கள். மார்ச் மாதத்துக்கு முன்பு சம்பளப் பதிவேட்டில் அந்த இளைஞர் கையெழுத்துப் போட்டிருப்பார் அல்லவா? பிப்ரவரியில் கையெழுத்திடத் தெரிந்தவர் பயிற்சிப் பதிவேட்டில் மட்டும் இடது பெருவிரல் ரேகை வைப்பானேன்? வலது கையில் கட்டுப் போட்ட பிறகு வாங்கியது என்பதை அந்த ரேகையே காட்டிக்கொடுக்கும். குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்வி போதும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாளர் பிரிவில் இருந்து, பல உள்விசாரணைகளை நடத்தியவன் நான். பாதுகாப்பு விதியை மீறுபவரைத் தண்டிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 111ஆம் பிரிவு தொழிலாளிக்கும் கடமைகளை விதிக்கிறது. பாதுகாப்புக்கென்று வைத்த சாதனத்தில் அவர் வேண்டுமென்றே கைவைத்தால் மூன்று மாதம் வரை சிறையோ 100 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் அந்தப் பிரிவின் உயிர் 'வேண்டுமென்றே' என்ற சொல்லில் இருக்கிறது. ஆபத்து இன்னது, அதைத் தடுக்கவே இந்தப் பட்டன் இருக்கிறது, இதை மாற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிந்தே ஒருவர் செய்தார் என்று காட்டினால்தான் அது வேண்டுமென்றே செய்ததாகும். அதைக் காட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கக்கூடிய ஒரே ஆவணம் பயிற்சிப் பதிவேடு. பதிவேட்டைத் தேடி அவர்கள் இப்போது உங்களிடம் வந்ததன் காரணம் இதுதான். பயிற்சி அளிக்கவில்லை என்றால் குற்றச்சாட்டு நிற்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நிலையாணைகளை, அதாவது வேலை நிபந்தனைகளையும் எவை ஒழுங்கீனம் என்பதையும் எழுதிவைத்த கம்பெனி விதிகளை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1983இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையாணைகளில் ஒழுங்கீனம் என்று பட்டியலிடப்பட்ட செயலுக்குத்தான் தண்டிக்கலாம் என்று சொன்னது. மத்திய மாதிரி நிலையாணைகளில் 'வழக்கமாகச் சட்டத்தை மீறுதல்', 'வழக்கமான கவனக்குறைவு' என்றெல்லாம் இருக்கிறதே தவிர, பாதுகாப்புச் சாதனத்தை நீக்குவது தனியாகச் சொல்லப்படவில்லை. உங்கள் கம்பெனியின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளில் அது இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. குறிப்பாணை எழுதும் அவசரத்தில் பல பணியாளர் அலுவலர்கள் அந்தப் பக்கத்தையே திருப்புவதில்லை.

உள்விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதை 1963இலேயே சுர் எனாமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. குற்றச்சாட்டைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கும், தம் தரப்புச் சாட்சிகளைக் கொண்டுவருவதற்கும் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். விசாரணை அதிகாரி காரணங்களோடு முடிவை எழுத வேண்டும். தமிழ் அறியாதவரை உட்காரவைத்துத் தமிழில் விசாரித்தால் இவற்றில் எதுவும் நடந்ததாகக் கொள்ள முடியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், குறிப்பாணையும் அவருக்குப் புரியும் மொழியில் வேண்டும்.

இன்னொன்றை உங்கள் பணியாளர் பிரிவு மறந்துவிட்டது போலிருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, தற்காலிக ஊனப் பயன் பெற்றுவரும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ வேறு வகையில் தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுக்கும் வேலைநீக்க நோட்டீஸ் செல்லாது.

பாதுகாப்புப் பொறியாளர், கோவை – 2024 ஏப்ரல் 14

ஐயா சொன்ன சட்ட விவரங்களுக்கு நான் போகவில்லை. எனக்கு அந்த மரச் சீவலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முறையாக அமைந்த இரு கைக் கட்டுப்பாட்டில் ஒரு பட்டனை அழுத்தியபடியே வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்ட முடியாது. இரண்டு பட்டன்களையும் ஏறத்தாழ அரை வினாடிக்குள் ஒருசேர அழுத்தியிருக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டுவிட்டு மீண்டும் அழுத்தினால்தான் அடுத்த அடி விழ வேண்டும். சர்வதேசத் தரவிதிகள் இதைத்தான் கேட்கின்றன. இதற்கென்றே தனி ரிலே (மின்கட்டுப்பாட்டுக் கருவி) கடைகளில் கிடைக்கிறது. உங்கள் பிரஸ்ஸில் சீவல் செருகியும் ராம் இறங்கியது என்றால், இரண்டு பட்டன்களையும் வெறுமனே தொடராக ஒயரிங் செய்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் அந்த இளைஞர் செயலிழக்கச் செய்ததாகச் சொல்லப்படும் பாதுகாப்புச் சாதனம், பாதுகாப்புச் சாதனம் என்ற பெயருக்கே தகுதியில்லாதது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும், இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் அது அதனிடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கடமை நிர்வாகத்துடையது. தொழிலாளி கவனமாக இருப்பார் என்று நம்பி இதை விட்டுவிட முடியாது, ஏனென்றால் எட்டு மணி நேரத்தில் 2,800 முறை ஒரே செயலைச் செய்யும் எவருக்கும் கவனம் ஏதோ ஓர் அடியில் தவறும். இலக்கைக் குறைக்காமல் சீவலை மட்டும் தடைசெய்தால், அடுத்த வாரம் நாணயம் வரும், அதற்கடுத்த வாரம் ரப்பர் பேண்டு வரும்.

பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. அதன் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது சேர்ந்ததுதான் 7ஏ பிரிவு. தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்குத் தேவையான அளவு தருவது ஆக்குபையரின் (தொழிற்சாலையின் முழுக் கட்டுப்பாட்டை வைத்திருப்பவரின்) பொதுக் கடமை என்று அது எழுதிவைத்தது. அறிவிப்புப் பலகை மாட்டிவிட்டோம் என்று சொல்லி இந்தக் கடமையை முடித்துவிட முடியாது. சட்டச் சுருக்கத்தை ஒட்டுவதைப் பற்றிய 108ஆம் பிரிவும், நிலையாணைகளை ஒட்டுவதைப் பற்றிய விதியும் ஆங்கிலத்தோடு 'பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழி' என்றுதான் சொல்கின்றன. 140 பேரில் இருபது பேர் ஒடியா பேசுபவர்கள் என்றால் பலகையில் ஒடியா இருக்க வேண்டியதில்லை. பலகைக்குப் பெரும்பான்மை போதும், பயிற்சிக்குப் போதாது. 7ஏ பிரிவு 'எல்லாத் தொழிலாளர்களும்' என்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் கைகள் எங்கே நசுங்குகின்றன என்று கேட்டால், இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் என்று சொல்வேன். நான் வேலை செய்யும் இடத்தில் ஒடியா தெரிந்த பழைய ஆபரேட்டர் ஒருவரையே பயிற்சியாளராக்கி, பயிற்சி முடிந்தபின் பட்டனை, எமர்ஜென்சி ஸ்டாப்பை, டை (அச்சு) மாற்றும் முறையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். செலவு அதிகமில்லை, அவருக்கு ஒரு நாள் உற்பத்தியிலிருந்து விடுப்பு, அவ்வளவுதான்.

சங்கத் தோழர் – 2024 ஏப்ரல் 14

தோழர்கள் இருவரும் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும் இதைப் படிப்பவர்கள், பாதுகாப்பு விஷயத்தில் தொழிலாளி மீது நடவடிக்கையே கூடாது என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. நான் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தவன். பேனலில் வேலை நடக்கிறது என்று சீட்டுத் தொங்கவிட்டிருந்தும் அதைக் கழற்றிவிட்டு ஒருவர் சுவிட்சைப் போட்டார், என்னோடு நின்ற தோழரின் இரண்டு முழங்கைகளும் வெந்துபோயின. சீட்டைக் கழற்றியவர் அதன் பொருளை நன்றாக அறிந்தவர், பயிற்சியும் பெற்றவர். அவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று கேட்டது எங்கள் சங்கமே. ஒருவருடைய அலட்சியம் இன்னொருவருடைய உடம்பில் போய் முடியும் இடத்தில் ஒழுங்கு நடவடிக்கையும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

ஆனால் அது விபத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் நாள் சீவலைப் பார்த்தபோது இயந்திரத்தை நிறுத்தி, எடுக்கச் சொல்லி, மறுநாளும் வைத்திருந்தால் எச்சரிக்கை கொடுத்து, அதன் பிறகும் வைத்திருந்தால் மெமோ கொடுத்திருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை. மூன்று பிரஸ்களிலும் மாதக்கணக்கில் ஓடவிட்டு, உற்பத்தியை எண்ணி வாங்கிக்கொண்டு, விரல் போன பிறகு விரல் போனவருக்கு மட்டும் மெமோ கொடுப்பதை நாங்கள் பழிவாங்கல் என்போம். மற்ற இரண்டு பிரஸ் ஆபரேட்டர்களுக்கும் மெமோ கொடுத்தார்களா என்று விசாரணையில் கேட்க வேண்டும்.

அவருக்குக் கிடைக்க வேண்டியவற்றை அவரிடம் யாராவது அவர் மொழியில் சொன்னார்களா? சிகிச்சைக் காலத்தில் தற்காலிக ஊனப் பயனாகச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம். பிறகு நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு மதிப்பிடும் இழப்பின்படி வாழ்நாள் முழுதும் மாதப் பயன். ஒரு கையில் இரண்டு விரல்கள் இழந்தால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் வருவாய்த் திறன் இழப்பு 20 சதவீதம். விதியை மீறியதால் இ.எஸ்.ஐ. கிடைக்காது என்று யாராவது அவரைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். 51பி பிரிவு, விதிக்கு மாறாக நடந்திருந்தாலும் அது முதலாளியின் வேலைக்காகச் செய்ததாக இருந்தால் வேலைக்காயமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 2,800 பீஸை அவர் தம் வீட்டுக்காகவா அடித்தார்?

தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர் – 2024 ஏப்ரல் 15

கேள்வி கேட்ட நண்பர் தம் நிலையைக் கடைசியில்தான் கேட்டார். அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி பொதுத் தண்டனை, ஆக்குபையருக்கும் மேலாளருக்கும் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு அத்தியாயத்தை மீறியதால் கடுமையான உடற்காயம் நேர்ந்திருந்தால் அபராதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் வழக்குத் தொடர்ந்தால், நிர்வாகம் கையில் எடுக்கக்கூடிய தற்காப்பு 101ஆம் பிரிவு: நான் உரிய அக்கறை எடுத்துக்கொண்டேன், எனக்குத் தெரியாமல், என் சம்மதமின்றி உண்மையில் குற்றம் செய்தவர் இன்னார் என்று வேறொருவரைச் சுட்டிக்காட்டி, அதை நிரூபித்து விலகிக்கொள்ளலாம். பயிற்சிப் பதிவேடு அந்த 'உரிய அக்கறை'க்கும் சான்று. பயிற்சி அளித்ததாக நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால், கம்பெனி பயிற்சி கொடுத்தது, சூப்பர்வைசர்தான் சீவலைக் கண்டும் விட்டார் என்று உங்களையே சுட்டிக்காட்ட வழி திறக்கிறது. அந்த இளைஞருக்கு எதிராகக் கேட்கும் கையெழுத்து நாளை உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

அவர் இ.எஸ்.ஐ.யில் இருப்பது அவருடைய நல்வாய்ப்பு. இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் பொருந்தும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வேறு மாதிரி. பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புச் சாதனம் என்று அறிந்தே அதை நீக்கியிருந்தாலோ, மரணமும் முழு நிரந்தர ஊனமும் அல்லாத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டியதில்லை. உத்தரவு 'தெளிவாகக் கொடுத்தது', சாதனம் 'என்று அறிந்தே' ஆகிய சொற்களைக் கவனியுங்கள். இங்கும் எல்லாம் பயிற்சியில்தான் போய் நிற்கிறது. நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: புத்தகத்தில் மூன்றும் வெவ்வேறு சட்டங்களில் கிடக்கின்றன, வழக்கு என்று வந்தால் மூன்றையும் ஒரே நூலில் கோத்துத்தான் நீதிமன்றம் பார்க்கிறது. கற்றுக்கொடுக்காத விதியையும், யாரும் கடைப்பிடிக்காமல் விடப்பட்ட விதியையும் காட்டி வேலையைப் பறிப்பது தகாத தண்டனை என்று கருதினால், தொழில் தகராறு சட்டத்தில் 1971இல் சேர்த்த 11ஏ பிரிவின் கீழ் தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம் அல்லது குறைக்கலாம்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், நீங்கள் பார்த்தும் பேசாமல் போனதையும் சேர்த்து. உங்கள் வாக்குமூலத்தை நீங்களே எழுதித் தேதியிட்டு, ஒப்புதல் பெற்ற நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஷிப்ட் – 2024 ஜூன் 9

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவேட்டில் கையெழுத்திடவில்லை. சைகை காட்டியதையும், சீவலைப் பார்த்ததையும், இலக்கையும் எழுதிக் கொடுத்தேன். விசாரணையை அவருடைய சிகிச்சை முடியும்வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். குறிப்பாணையைத் திரும்பப் பெறவில்லை. எனக்கும் மேற்பார்வையில் தவறியதாக ஒரு மெமோ வந்திருக்கிறது. அது நியாயமான மெமோ என்றே நினைக்கிறேன், அப்படியே பதிலும் எழுதினேன். மூன்று பிரஸ்களுக்கும் பொறியாளர் ஐயா சொன்ன ரிலேயை மாட்டிவிட்டார்கள். இலக்கு 2,400 ஆகியிருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறைக்குப் போய், இந்தி தெரிந்த நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இ.எஸ்.ஐ. பற்றித் தோழர் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். பதிவேட்டில் ரேகை வாங்கியபோது அது மருத்துவமனைத் தாள் என்று சொல்லி வாங்கியதாகச் சொன்னார்.

தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர் – 2025 டிசம்பர் 7

இதே கேள்வியோடு இப்போது இங்கே வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் மேலே குறிப்பிட்ட சட்டங்களின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு எண்களை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

பயிற்சிக் கடமை போகவில்லை. 7ஏ பிரிவில் இருந்த தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை என்ற அதே நான்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 6ஆம் பிரிவில் இருக்கின்றன. கடமை தவறியதால் கடுமையான காயம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் முதல் நான்கு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது நான் மனமார வரவேற்கும் புதிய ஏற்பாடு.

வரவேற்க முடியாதது நிலையாணைகளைப் பற்றியது. தொழிலுறவுத் தொகுப்பின்படி 300 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே அந்த அத்தியாயம் பொருந்தும். இந்த இழையில் பேசிய 140 பேர் கொண்ட தொழிற்சாலை அதன் வெளியே நிற்கிறது. எது ஒழுங்கீனம் என்று முன்கூட்டியே எழுதி, அதிகாரியிடம் சான்று பெற்று, சுவரில் ஒட்டவேண்டிய கட்டாயம் அத்தகைய இடங்களுக்கு இல்லை. அந்த அத்தியாயம் பொருந்தும் இடங்களிலோ, சஸ்பென்ஷன் தேதியிலிருந்து சாதாரணமாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று காலவரையறை வந்திருக்கிறது. சிறிய தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் நியமனக் கடிதத்தை இனி கவனமாகப் பார்க்க வேண்டும். அதை எல்லோருக்கும் கொடுப்பது இப்போது கட்டாயம். எந்த இயந்திரத்தில், எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருந்தால், பேக்கிங்கில் இருந்தவரைப் பயிற்சியின்றிப் பிரஸ்ஸுக்கு மாற்றியதைக் காட்ட அதுவே முதல் ஆவணமாக இருக்கும்.